ஜாடி என்னிடம், மூடி உன்னிடம்

உன் மூடி இன்று காலை என் வீட்டுக்கு வந்துவிட்டது. இருபது வருடமாக வர மறுத்தது, துவாரகாவிலிருந்து மயூர் விஹாருக்கு உன் மகனின் காரில், ஒரு பிரஷர் குக்கர் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து வந்தது. உன் மெரூன் சால்வையில் சுற்றியிருந்தான். பெட்டியைத் திறந்ததும் நாப்தலின் உருண்டை வாசனை, அதற்கு அடியில் நீ முட்டிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை. சால்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். நான் அழுவேன் என்று நினைத்து உன் மகன் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். எனக்கு அழுகை வரவில்லை.

"ஆன்ட்டி, சண்டே ஈவினிங் வீட்ல ப்ரேயர் வெச்சிருக்கோம். அம்மாக்குப் பிடிச்ச சாமானெல்லாம் டேபிள் மேல வெக்கப் போறோம். நீங்க இந்த மூடியை உங்க ஜாடி மேல போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்தா பெரிசா பிரிண்ட் போட்டுருவேன். அம்மா கடைசியா கேட்டது அது ஒண்ணுதான்."

"சரி கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்வது. டீ குடித்தான், இரண்டு பிஸ்கட் சாப்பிட்டான், ட்ராஃபிக் ஆகிவிடும் என்று ஜல்தியாகக் கிளம்பினான். அவன் லிஃப்டில் இறங்கும்வரை வாசலில் நின்றுவிட்டு, கதவைச் சாத்தி, ஜாடியை அலமாரியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மூடியை அதன் பக்கத்தில் வைத்தேன். மேலே வைக்கவில்லை. வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பொருந்தாது புள்ளே. அந்த மூடி இந்த ஜாடியினுடையது இல்லை. எனக்கு இது பதினோரு வருடமாகத் தெரியும். உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இப்போது காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் சேகரிப்பாளர்கள் என்று சொல்லிக்கொள்ள உனக்கு எவ்வளவு பிடிக்கும். டெல்லி சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எதிரெதிர் பிளாக்கில் இருந்த இரண்டு குமாஸ்தாக்கள் நாம். நீ பாளையங்கோட்டை, நான் ஈரோடு. தமிழ் கேட்டுப் பேச ஆரம்பித்தோம், நீ பேசும் தமிழ் பாதி எனக்குப் புரியாது, நான் 'ஏ புள்ளே' என்றால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். மற்ற பெண்கள் வீட்டு வாசலில் இருக்கும் மார்க்கெட்டில் சுடிதாருக்கு பேரம் பேசிக்கொண்டிருக்க, நாம் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்துப் பழைய டெல்லி நடைபாதைக் கடைகளுக்குப் போவோம். சுந்தர் நகர் பழம்பொருள் கடைக் கண்ணாடிக்குள் இருப்பதையெல்லாம் வெளியே நின்று பார்த்துவிட்டு வரத்தான் நமக்கு வசதி இருந்தது. அதனால் பணக்காரர்கள் ஒதுக்கியதை நாம் எடுத்தோம். மூக்கு உடைந்த திபெத்திய கெண்டி. கைப்பிடி போன பித்தளைக் கூஜா. வெள்ளிக் கம்பி பாதி உதிர்ந்த பீதர் வேலைப்பாட்டு ஹுக்கா அடிப்பாகம். அரக்கு உரிந்த பர்மா வெற்றிலைப் பெட்டி. உன் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்து, "ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆஸ்பத்திரி வச்சிருக்கீங்க" என்பார்.

நமக்குள் சட்டம் இருந்தது. சட்டம் போட்டது நீ. யார் கை முதலில் படுகிறதோ பொருள் அவளுக்கு. கண்ணால் பார்த்தது செல்லாது. கையை எடுத்துவிட்டால் உரிமை போயிற்று. இன்னொன்று, சேகரித்த பொருளை ஒருத்திக்கு ஒருத்தி இனாமாகக் கொடுக்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம். பிறந்தநாள், கிறிஸ்துமஸ், தீபாவளி எதற்கும் விலக்கு இல்லை. பட்சணம் கொடுக்கலாம், பாத்திரம் கொடுக்கக் கூடாது. நீ சொன்ன காரணம் எனக்கு நினைவிருக்கிறது. "இனாமா வந்ததை எவளும் உருப்படியாப் பாக்க மாட்டா."

அந்த நீல வெள்ளை ஜாடியை முதலில் பார்த்தவள் நீதான். இதை நான் உன் முகத்துக்கு நேரே ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அலுமினியச் சட்டிகளுக்கு நடுவில் கிடந்தது. சீனாவிலிருந்து இஞ்சிப் பாகு நிரப்பிக் கப்பலில் அனுப்பிய ஜாடி, பியோனிப் பூ எழுதியது, நம் இரண்டு பேர் ஆயுளையும் கூட்டினாலும் அதன் வயது வராது. நீ பார்த்துவிட்டாய், உன் மூச்சு நின்றதை நான் கேட்டேன். ஆனால் ஆசை காட்டினால் கடைக்காரர் விலையை ஏற்றுவார் என்று நீ பக்கத்தில் இருந்த ஒரு தகர டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாய். உன் சாமர்த்தியம். நான் குனிந்து ஜாடியின் கழுத்தைப் பிடித்தேன்.

"ஏட்டி, அது நான் பாத்தது."

"பாத்தே. தொட்டியா?"

பஸ்ஸில் நீ என்னோடு பேசவில்லை. சட்டம் உன்னுடையது, அதனால் ஒன்றும் சொல்லவும் முடியவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் போகிற வழியில், "மூடி இல்லாத ஜாடிதான, வச்சுக்கோ" என்றாய்.

மூடி இல்லாததுதான் அதற்குக் குறை. இந்த வகை ஜாடிக்கு மூடி தொப்பி மாதிரி, கழுத்தின் மேல் கவிழ்ந்து உட்காரும். ஜாடி பிழைத்தாலும் மூடி பிழைக்காது. நான் அதற்கு ஒரு சந்தனக் கட்டைத் துண்டைக்கூட வைத்துப் பார்த்தேன். பிறகு நீ ஓய்வு பெற்று துவாரகா சொசைட்டி ஃபிளாட்டுக்குப் போனாய், நான் இங்கே வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ தனியாக மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாய். போன் வந்தது.

"ஏட்டி, உன் ஜாடிக்குத் தொப்பி கெடச்சிட்டு."

"எங்கே? கொண்டு வா."

"கொண்டாருததா? நல்லாருக்கே. நீ ஜாடியக் கொண்டா."

அன்றைக்கு ஆரம்பித்தது. மூடியை நான் வந்து பார்த்தேன். அதே பூ, அதே மங்கிய நீலம், விளிம்பில் ஒரு சின்ன உதிர்வு. எனக்கும் சந்தேகம் வரவில்லை. ஜாடியைப் பார்த்து எத்தனையோ நாள் கழித்து, ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குவியலிலிருந்து அதைப் பொறுக்கினாய் என்பதில் உனக்கு அப்படி ஒரு கர்வம். மாற்றிக்கொள்ளலாம் என்றேன். என் பர்மா வெற்றிலைப் பெட்டியைக் கேட்டாய். அதை என் உயிர் போனாலும் தர மாட்டேன் என்று தெரிந்தேதான் கேட்டாய். பதிலுக்கு நான் உன் கெண்டியைக் கேட்டேன். சரி, மாற்றிக்கொள்வது பிறகு இருக்கட்டும், சும்மா ஒருதரம் வைத்துப் பார்ப்போமே என்றால் அதற்கும் நீ ஒரு சட்டம் கொண்டுவந்தாய். வைத்துப் பார்த்துவிட்டால் பிரிக்க மனசு வராது, அதனால் எந்த வீட்டில் வைத்துப் பார்க்கிறோமோ அந்த வீட்டில்தான் இரண்டும் தங்கும். கொண்டுபோகிறவள் தோற்றவள். நானும் சரி என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நின்றோம். ஒரே மெட்ரோ, ஒரே நீல லைன், இறங்கி மாற வேண்டியதுகூட இல்லை. எத்தனை முறை நீ இங்கே வந்தாய், நான் அங்கே வந்தேன். தோசை மாவு கொண்டு வந்தாய், அச்சு முறுக்கு கொண்டு வந்தாய், ஒருமுறை தையல் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்தாய். மூடியைக் கேட்டால் மட்டும் மெட்ரோவில் கூட்டம், உடைந்துவிடும் என்பாய். ஞாயிறு காலை போன் எடுத்ததும் ஹலோ கிடையாது. "ஜாடி எப்ப வருது?" என்பாய். "மூடி எப்ப வருது?" என்பேன். அதற்குப் பிறகுதான் உடம்பு எப்படி, மழை பெய்ததா எல்லாம்.

உன் வீட்டுக்காரர் போன அடுத்த வருடம். நீ இளைத்துப்போய், பேச்சும் குறைந்துபோய் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை போனை நானே செய்வேன். "மூடி எப்ப வருது?" என்றால் மட்டும் உன் குரல் நிமிரும். "கனவு காணு" என்பாய். அந்தக் குளிர்காலத்தில் உன்னைப் பார்க்க வந்தபோது என் பர்ஸில் ஒரு நூல் துண்டு இருந்தது. என் ஜாடியின் கழுத்துக்குக் குறுக்கே வைத்து வெட்டிய நூல்.

ஏன் அளந்தேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. சேகரிப்பு விஷயத்தில் நீ அடிக்கடி சொல்வாய், "அளந்து பாக்கவளுக்குக் கண்ணு கெடையாதுன்னு அர்த்தம்." ஸ்கேலை எடுத்தவளை நீ கடைக்காரி என்பாய். ஆனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நீ இருந்த நிலைமையில் நானே தோற்றுப்போய் ஜாடியைக் கொண்டுவந்து உன் வீட்டிலேயே வைத்துவிடலாம், அது உன்னைக் கொஞ்சம் தூக்கிவிடும் என்று நினைத்தேன். கொண்டுவருவதற்கு முன்னால் ஒருதரம் உறுதி செய்துகொள்ளலாமே என்று பட்டது. நீ காபி போட அடுப்படிக்குப் போனாய். நான் ஷோகேஸைத் திறந்து மூடியைத் திருப்பி, உள்ளே நூலைப் பிடித்தேன். நூல் உள்ளே போகவில்லை. ஒரு சுண்டுவிரல் அகலம் வெளியே நின்றது.

நான் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று இரண்டாவது முறை பிடித்தேன். மூன்றாவது முறையும். உள்ளே நீ காபி ஆற்றும் சத்தம் கேட்டது. மூடியை இருந்த இடத்தில் வைத்து, கண்ணாடிக் கதவை இழுத்து, நூலைப் பர்ஸில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீ காபியைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "என்னட்டி, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றாய்.

"ஒண்ணுமில்லே. மூடி எப்ப வருது?"

அன்று நீ வாய்விட்டுச் சிரித்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எப்படிச் சொல்வேன், சொல். உன் கண் தப்பிவிட்டது, நீ இத்தனை வருடம் காவல் காத்தது வேறு ஏதோ ஜாடியின் மூடி என்று அப்போது எப்படிச் சொல்வேன்? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு என்பது வரவே இல்லை. சொல்லாமல் விட்டதை மறைக்க நான் முன்னைவிட அதிகமாகச் சண்டை போட்டேன். நீயும் விடவில்லை. நாம் அதில் சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்று நினைக்கிறேன்.

இந்த நவம்பரில் உனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஊர் முழுக்கப் புகை, யாருக்குத்தான் முட்டவில்லை என்று நானும் அலட்சியமாக இருந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று உன் மகன் சொன்னபோதுகூட இரண்டு நாளில் வந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். அன்று மத்தியானம் நீயே கூப்பிட்டாய். ஆக்ஸிஜன் குழாய்க்கு நடுவில் பேசினாய், ஒவ்வொரு சொல்லாக.

"ஏட்டி. நான் தோத்துட்டேன். ஒத்துக்கிடுதேன். மூடியை வந்து எடுத்துட்டுப் போ. மவன்கிட்ட சொல்லிட்டேன்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கேக்கியா? கொண்டுபோய் வச்சுப் பாரு. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அது ரெண்டும் ஒண்ணா இருக்கதை ஒருதரம் பாத்துக்கிடுதேன்."

"நீ வீட்டுக்கு வா புள்ளே. சேந்து பாக்கலாம்."

"வரமாட்டேன்னு தெரியுது. அதாம் சொல்லுதேன். எப்ப வார?"

"நாளைக்கு வாரேன்."

அந்த நாளைக்கிலிருந்து ஒன்பது நாள். இதை எழுத என் கை கூசுகிறது. ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து அதே லைனில்தான் இருந்தது. நான் வரவில்லை. வந்தால் மூடியைப் பற்றிக் கேட்பாய். எடுத்துக்கொண்டு போனால் போட்டோ கேட்பாய். எடுத்து அனுப்பினால், சின்னத் தலைப்பாகை வைத்த குண்டன் மாதிரி அந்த மூடி கழுத்துக்கு மேல் நிற்பதை ஒரு நொடியில் கண்டுபிடிப்பாய். உன் கண்ணுக்கு நான் பயந்தேன். சாகக் கிடக்கிற உன்னைவிட, நீ அந்தப் போட்டோவைப் பார்க்கப்போகும் நிமிடம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பைத்தியம் பிடித்தவள் மாதிரி ஒரு வேலை செய்தேன். இந்த ஜாடிக்குப் பொருந்துகிற வேறு ஒரு மூடியைத் தேடிக் கிளம்பினேன்.

அந்தப் பழைய நூலை எடுத்துக்கொண்டு ஜும்மா மசூதிக்குப் பின்னால் இருக்கிற சந்துகள் எல்லாம் ஏறி இறங்கினேன். அதே மாதிரிப் பூ வேண்டும், அதே மங்கல் வேண்டும், கழுத்தில் உட்கார வேண்டும். நமக்கு அந்த ஹுக்கா அடிப்பாகத்தைக் கொடுத்தாரே, தாடிக்கார பாய்சாப், அவர் கடையை மகன் பார்க்கிறான் இப்போது, ஆனால் அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தூஸ்ரீ பெஹன்ஜி கஹான் ஹை?" இன்னொரு அக்கா எங்கே என்று கேட்டார்.

"காவ் கயீ ஹை" என்றேன். ஊருக்குப் போயிருக்கிறாள்.

அவர் தன் பெட்டிகளையெல்லாம் திறந்து காட்டினார். ஒன்றும் அமையவில்லை. அவர் கடை வாசலில் நிற்கும்போதுதான் உன் போன் வந்தது, மூன்றாவது நாள்.

"ஏட்டி, வரலியா?"

"எப்படிப் புள்ளே வாரது? புகை கண்ணை எரிக்குது. டாக்டர் வெளியே தலை காட்டாதேன்னுட்டார்."

"சரி சரி, வராத. உனக்கு வீசிங் உண்டுல்லா." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "என்னட்டி சத்தம் அது, ஆரன் அடிக்கான்?"

"டிவி" என்றேன்.

புகைக்குள் நின்றுகொண்டு உன்னிடம் புகை என்றேன். நாலாம் நாள் முட்டி வலி என்றேன். ஐந்தாம் நாள் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, பிளம்பர் வருகிறான் என்றேன். ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டேன், அது உனக்குத் தெரியாது. கீழே கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். 'அது பொருந்தாது, விட்டுத்தள்ளு, கையைக் கொடு' என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். 'எப்படித் தெரியும்' என்று கேட்பாய். 'அளந்தேன்' என்று சொல்ல வேண்டும். 'எப்ப' என்பாய். டீ ஆறிப்போயிற்று. நான்கு மாடி மேலே நீ இருந்தாய். எழுந்து வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

ஏழாம் நாள் நீ பேசவில்லை, உன் மகன் பேசினான். அம்மா தூங்குறாங்க என்றான். எட்டாம் நாளும் தூங்குறாங்க. ஒன்பதாம் நாள் நொய்டா சாலையோரத்தில் குர்ஜா பீங்கான் விற்கிறார்களே, அங்கே ஒரு ஊறுகாய் ஜாடியின் மூடி என் நூலுக்குக் கச்சிதமாக இருந்தது. புத்தம் புதிது. நீலம் பள்ளிக்கூட மை மாதிரிப் பளிச்சென்று இருந்தது. நான் அதைக் கொண்டுவந்து டீத்தண்ணியில் ஊறவைத்து, அடுப்புப் புகையில் காட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளிச்சத்தைக் குறைத்து, ஜாடிமேல் வைத்துப் போட்டோ எடுத்தேன். ஆமாம். போலிப் பொருளைக் காறித் துப்புகிற நான் செய்தேன். பன்னிரண்டு போட்டோ எடுத்தேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி உன் கண்ணால் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. காலையில் நல்ல வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்துப் பார்க்கலாம் என்று வைத்தேன். காலையில் உன் மகன் கூப்பிட்டான்.

அடக்கத்துக்கு வந்தேன். உன் முகத்தை மூடுவதற்கு முன்னால் பார்த்தேன். சர்ச்சில் எல்லோரும் வரிசையாகக் கடைசி முத்தம் கொடுத்தார்கள். நான் உன் கையை மட்டும் தொட்டேன். ஜில்லென்றிருந்தது.

இதுவரைதான் காலையில் எழுதினேன். மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. மேசையில் ஜாடியும் மூடியும் இருக்க, எதிரில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எடுத்து வைத்தே பார்த்தேன். நூல் பொய் சொல்லவில்லை. மூடி கழுத்தின் விளிம்பில் ஏறி நின்றது, விரலால் தொட்டால் ஆடியது. பூக்கள் மட்டும் ஒரே கை எழுதியது மாதிரிதான் இருந்தன. இவ்வளவு நெருக்கத்தில் பார்த்தால் நீ தேர்ந்தெடுத்ததில் தப்பே சொல்ல முடியாது. அளவு மட்டும்தான் இல்லை.

நாலு மணிக்கு உன் மகனுக்குப் போன் செய்தேன்.

"கண்ணு, அந்த மூடி பொருந்தலை. வேற ஜாடியோடது அது."

"அச்சா? சீரியஸ்லி?" என்றான். பின்னால் யாரோடோ ஹிந்தியில் நாற்காலி பற்றிப் பேசிவிட்டு வந்தான். "கோயி பாத் நஹீ ஆன்ட்டி, பரவாயில்ல. சும்மா மேல வெச்சு ஒரு ஆங்கிள்ல எடுத்துருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

அவன் மேல் தப்பில்லை. யாருக்கும் தெரியாதுதான். ஞாயிற்றுக்கிழமை வருகிற ஐம்பது பேரில் இந்த மூடி பொருந்தவில்லை என்று தெரிந்தால் சோறு இறங்காமல் போகிற ஆள் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். அப்படி ஒருத்திதான் இருந்தாள். இப்போது உண்மையைச் சொன்னாலும் பொய் சொன்னாலும் ஒன்றுதான், கேட்கிற இடத்தில் ஆளில்லை. எனக்கு அந்த நிமிடம்தான் நீ போய்விட்டது உறைத்தது.

"அப்படி எடுக்க மாட்டேன் கண்ணு. பக்கத்துல பக்கத்துல வச்சு எடுத்து அனுப்பறேன். உங்கம்மா கண்டுபிடிச்ச மூடின்னு கீழே எழுதிக்கோ, போதும்" என்றேன். அவனுக்கு அது சரியாகப் புரியவில்லை, ஓகே ஆன்ட்டி என்றான். வைக்கப் போனவனை நிறுத்திக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கடைசி நாள்ல அம்மா என்னைக் கேட்டாளா கண்ணு?"

"டெய்லி கேட்டாங்க ஆன்ட்டி. கதவு திறந்தா அங்கயே பாப்பாங்க. நான் சொன்னேன், ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்ல, வெளியே பொல்யூஷன்னு." சற்று யோசித்தான். "அம்மா நம்பல. 'அதெல்லாம் இல்ல, அவளுக்கு இன்னும் கோவம் தீரல. இத்தன வருசம் நான் குடுக்காம வச்சிருந்தேம்லா' அப்டின்னாங்க. ஆன்ட்டி? இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

போட்டோவை அனுப்பிவிட்டேன். ஜாடி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை நான் வரப் போகிறேன், வந்து பின் வரிசையில் உட்காருவேன், உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள், நாம் மார்க்கெட்டுக்குப் போன கதையைச் சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள். இந்த வீட்டில் இருக்கிற பொருளையெல்லாம் எனக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகட்டும், அந்த பர்மா பெட்டி உள்பட. அவற்றைப் பார்க்கவே எனக்கு இப்போது பிடிக்கவில்லை. நான் இனி வைத்திருக்கப் போவது உன் மகன் போனில் சொன்ன அந்த வாக்கியத்தைத்தான். அதை யாரிடம் கொடுத்து எதை மாற்றிக்கொள்வது?

நீ தப்பாக நினைத்துக்கொண்டு போய்விட்டாய் புள்ளே. கதவையே பார்த்துக்கொண்டு, நீ ஏதோ எனக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி நினைத்துக்கொண்டு போய்விட்டாய். மூடியை நீ இன்னும் இருபது வருடம் தராமல் வைத்திருந்தாலும் நான் ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து அதையேதான் கேட்டிருப்பேன். எனக்குக் கோபம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. பயந்தேன், அவ்வளவுதான், ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குப் பயந்துபோய் உன்னைப் பார்க்க வராமல் இருந்துவிட்டேன். எனக்குக் கோபமே இல்லை, கேக்குதா புள்ளே, எனக்கு உன்மேல் கோபமே இல்லை.